வன்னி முற்றத்தில் நின்று பார்த்த விண்வெளி நிலையம்

எங்கள் பக்கத்தில் வானத்தில் வெளிச்சம் ஊர்ந்தால் பெரியவர்கள் முதலில் காதைத்தான் கொடுப்பார்கள். யுத்த காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய உளவு விமானத்தை வன்னிச் சனம் 'வண்டு' என்றுதான் சொல்லும். அதன் இரைச்சல் நின்றால்தான் நித்திரை.

அதனால்தான், ஒட்டுசுட்டானில் ஒரு மைம்மல் பொழுதில் மாங்குளம் பக்கமிருந்து வெள்ளை வெளிச்சம் ஒன்று ஏறி வந்தபோது அம்மம்மா பாயை விட்டு எழும்பிவிட்டார். "சத்தம் கேக்குதோ பிள்ளை?"

சத்தமே இல்லை. மினுக்கமும் இல்லை, விமானத்தின் சிவப்பு, பச்சை விளக்குகளும் இல்லை. நேராக உச்சிக்கு வந்து, முல்லைத்தீவுப் பக்கம் இறங்கும்போது பாதி வழியிலேயே சிவந்து மங்கி இல்லாமல் போனது.

அது சர்வதேச விண்வெளி நிலையம். நமக்கு இருட்டினாலும் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் அதற்கு இன்னும் வெயில். பூமியின் நிழலுக்குள் போனதும் நம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

உள்ளே ஆட்கள் இருக்கினம் என்றதும் அம்மம்மாவின் கேள்விகள் தொடங்கின. 2000 நவம்பரிலிருந்து அங்கே ஆளில்லாத நாளே கிடையாது, வழமையாக ஏழு பேர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளைக்கு 16 தரம் விடியும்.

"அப்ப எந்த விடியலுக்கு எழும்புறது?"

கிரீனிச் நேரத்தை வைத்துத்தான் எழும்புகிறார்கள். நித்திரை, சுவரில் கட்டிய பைக்குள். பாண் இல்லை, துகள்கள் மிதந்து கண்ணுக்குள்ளும் கருவிகளுக்குள்ளும் போய்விடும் என்று மெல்லிய ரொட்டியில் சுற்றித்தான் சாப்பாடு. உப்பையும் கரைத்தே வைத்திருப்பார்கள். எலும்பும் தசையும் நலியாமலிருக்க, தினமும் இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி.

தண்ணீர்க் கதையைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 2023 இல் 98 வீதம் வரை மீட்டுக் காட்டினார்கள். முகம் சுழிப்பார் என்று நினைத்தேன். ஆவணியில் கிணறு அடிக்குப் போக, முகம் கழுவிய தண்ணீரில் கத்தரி வளர்த்தவர் அல்லவா? "கெட்டிக்காரப் பிள்ளையள்" என்றார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பொழுதுபட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள், அல்லது விடியப்புறம் பாருங்கள். தொலைநோக்கி வேண்டாம். நாசாவின் 'ஸ்பொட் த ஸ்டேஷன்' செயலியில் நேரமும் திசையும் வரும். மாரியில் முகில் விடாது. மாசிக்குப் பிறகென்றால் நல்லது.