லேயில் கார்த்தி, கோவில்பட்டியில் நாங்கள்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு, 30 நவம்பர் 2025

ராமர் (காலை 6.12): [வீடியோ. பலமுறை அனுப்பப்பட்டது] லடாக்கில் சண்டை ஆரம்பம்!!! சீனாக்காரன் உள்ளே வந்துவிட்டான். டிவியில் காட்ட மாட்டார்கள். உண்மையான இந்தியன் பத்து பேருக்கு அனுப்பவும்.

முத்துலட்சுமி (6.31): ராமர் அண்ணே, என்ன இது? என் பையன் கார்த்தி பட்டாளத்துக்கென்று அங்கே லேக்குப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லையே.

முத்துலட்சுமி: கூட இருக்கிற திருச்சிப் பையன் போனில் இருந்துதான் பேசுவான். நேற்று ராத்திரியிலிருந்து அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். சுப்பையா அண்ணே, எழுந்துவிட்டீர்களா?

கனகா: முத்து, பதறாதே. அண்ணன் நடைக்குப் போயிருக்கும். வந்ததும் பார்க்கும்.

சுப்பையா (6.58): இப்போதுதான் வந்தேன், வீடியோவும் பார்த்தேன். முத்து, நீ முதலில் ஒரு வாய் காப்பி குடி. அதில் நிற்கிற ஆட்களைப் பார். மேலே கோட் இல்லை, தலையில் குல்லா இல்லை, வெறும் சட்டையோடு ஏரிக்கரையில் மல்லுக்கட்டுகிறார்கள். கார்த்திகை மாதத்தில் பாங்காங் ஏரிக் காற்றில் இப்படி நின்றால் பத்து நிமிஷத்தில் காது இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இது கோடையில் எடுத்தது.

ரேவதி: அப்பா சொன்னது சரி. 2017 ஆகஸ்ட் 15. பூட்டான் பக்கம் டோக்லாமில் இந்தியா, சீனா இரண்டு படையும் 73 நாள் எதிரும் புதிருமாக நின்றதே, அந்தச் சமயம் பாங்காங் பக்கம் நடந்த கல்லெறி. எட்டு வருஷப் பழசு, சித்தப்பா.

ராமர்: எங்கள் வாக்கிங் குழுவில் வந்தது. வந்ததைப் போட்டேன். எனக்கென்ன தெரியும்?

கனகா: வந்ததையெல்லாம் கொட்ட இது என்ன குப்பைத்தொட்டியா, தம்பி?

ராமர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்துலட்சுமி: சரி, வீடியோ பழசு. போன் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறான்?

சுப்பையா: நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டு போ என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டானா? திருச்சிப் பையன் போன் குளிரில் செத்திருக்கும். முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்தாலும் சட்டென்று இறங்கிவிடும். பட்டாளத்தில் நாங்கள் டார்ச் பேட்டரியைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுப்போம்.

சுப்பையா: இன்னொன்று. போன உடனே எல்லைக்கு அனுப்ப மாட்டார்கள். லேயில் இறங்கியதும் ஆறு நாள் உடம்பைப் பழக்க வேண்டும், அதிலும் முதல் இரண்டு நாள் ஓய்வுதான். 12,000 அடிக்கு மேலே இன்னும் நாலு நாள், 15,000 அடி தாண்ட மறுபடி நாலு நாள். இதைத் தாண்டிக் குதித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இன்னும் அவன் அந்தப் பதினாலு நாள் கணக்கையே முடிக்கவில்லை.

செந்தில் (7.40): காலை வணக்கம். ஷிப்ட் முடித்து இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். சித்தி, கவலைப்படாதீர்கள். தம்பி பேசுவான்.

ராமர்: நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எல்லோரும் சீனாப் பொருள் வாங்குவதை நிறுத்தினால் அவன் தானாக அடங்குவான்.

கனகா: நிறுத்தினோமே. 2020ல் லடாக்கின் கல்வானில் சீனாவோடு மோதல் நடந்த வாரம் நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சீன டிவியைப் போட்டு உடைத்தார்கள். எதிர்த்த பெட்டிக்கடையில் பத்து ரூபாய் சீன லைட்டர் சரம் சரமாகத் தொங்கியது. உடைத்தவனே அதில் ஒன்று வாங்கி பீடி பற்ற வைத்தான். என் கண்ணால் பார்த்தேன்.

கனகா: ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம். நம் ஊர்த் தீப்பெட்டியைப் பதினாலு வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில்தான் பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்கினோம். விலையை ஏற்றிய நேரத்தில் லைட்டர் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் வரக்கூடாது என்று 2023 ஜூனில் தடை போட்டார்கள். உடனே உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். போன வருஷம் அக்டோபரில் உதிரிக்கும் தடை. எல்லாம் மனு மேல் மனு கொடுத்து வாங்கியது. டிவியை உடைத்ததால் வரவில்லை.

ரேவதி: 59 செயலிகளைத் தடை செய்தது 2020 ஜூன் 29ல். டிக்டாக் அதோடு போனது. ஆனால் இறக்குமதியைப் பாருங்கள். 2024-25ல் சீனாவிலிருந்து வாங்கியது 11,300 கோடி டாலருக்கு மேல், நாம் விற்றது 1,425 கோடி டாலர். பற்றாக்குறை 9,900 கோடி டாலர். கல்வானுக்குப் பிறகு ஏறித்தான் இருக்கிறது.

ராமர்: அப்படியென்ன வாங்குகிறோம்? பொம்மையும் சீரியல் பல்பும்தானே?

செந்தில்: சின்ன மாமா, என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நாங்கள் செய்வது மின்சார ஸ்கூட்டர் மோட்டார். உள்ளே உருளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் காந்தப் பட்டைகளை ஒட்டுவோம். நீளம் சுண்டுவிரல்தான். இரண்டை அருகருகே வைத்துவிட்டால் கையால் பிரிக்க முடியாது. நடுவில் விரல் மாட்டிக்கொண்டு நகம் கறுத்தவர்கள் எங்கள் லைனில் நாலு பேர். இந்த ரேர் எர்த் (அரிய மண் தனிமம்) காந்தத்தில் உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில்தான் செய்கிறார்கள்.

செந்தில்: இந்த ஏப்ரல் 4ல் ஏழு தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சீனா சொல்லிவிட்டது. ‘இது ராணுவத்துக்குப் போகாது’ என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், முத்திரை போட்டோம், அங்கேயிருந்து பதிலே இல்லை. ஜூலையில் இரண்டாவது ஷிப்ட் நின்றது. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த 40 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் பாதிப் பேர் தர்மபுரிப் பிள்ளைகள். பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியதை நான்தான் நின்று பார்த்தேன்.

ரேவதி: ஆனால் அத்தான், அது நமக்குப் போட்ட பூட்டு இல்லை. டிரம்ப் வரி போட்டதற்குப் பதிலடி.

செந்தில்: யாருக்குப் போட்ட பூட்டாக இருந்தால் என்ன, சாவி அவனிடம் இருக்கிறதல்லவா?

ராமர்: நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இல்லாத ரேர் எர்த்தா? அதைத் தோண்டினால் முடிந்தது.

ரேவதி: இன்றைக்கு முதல்முறையாகச் சித்தப்பா சரியாகச் சொன்னார். அந்தக் கருமணலில் மோனசைட் என்ற ரேர் எர்த் தாது இருக்கிறது, மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கேயேதான் எடுக்கிறது. ஆனால் அதோடு கதிர்வீச்சுள்ள தோரியமும் சேர்ந்து வரும், அதனால் அணுசக்தித் துறை கட்டுப்பாடு. மணலைப் பிரித்து, தனிமமாக்கி, உலோகமாக்கி, அப்புறம்தான் காந்தம். இந்தப் புதன்கிழமைதான் வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

ரேவதி: இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதே குமரி மாவட்டத்துக் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். என்னோடு படிக்கும் பெண் அந்தக் கடற்கரைக்காரி. ‘கதிர்வீச்சு, புற்றுநோய் என்று எங்கள் ஊரில் ஏற்கெனவே பயம், வீட்டு வாசலைத் தோண்ட வருவார்களா?’ என்று கேட்கிறாள். மலையில் முட்டிக்கொள்கிறார்கள், மீன்பிடிக் கிராமத்தில் மனு எழுதுகிறார்கள்.

கனகா: அதுதானே. நம் கடலோரத்து ஆட்கள் என்ன பாவம் செய்தார்கள்?

முத்துலட்சுமி: நீங்கள் காந்தம், மணல் என்று பேசுங்கள். எனக்கு அந்த 2020தான் கண்ணில் நிற்கிறது. கல்வானில் செத்த 20 பேரில் நம் ராமநாதபுரம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் ஒருவர். பெட்டி வந்து இறங்கியதை டிவியில் காட்டினார்கள். கார்த்தி அப்போது பத்தாவது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றைக்குத்தான் ‘நானும் போகிறேன்’ என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

முத்துலட்சுமி: அதுவும் அக்னிவீர். நாலு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

சுப்பையா (8.25): குரல் பதிவு போட நினைத்தேன், தொண்டை சரியில்லை, எழுதுகிறேன். கல்வான் சாதாரண நாள் இல்லை, முத்து. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக் கூடாது என்று 1996ல் ஒப்பந்தம். அதனால்தான் துப்பாக்கியைத் தொடாமல் ஆணி அடித்த தடியால் அடித்துக்கொண்டார்கள். 45 வருஷத்துக்குப் பிறகு அங்கே உயிர் போனது அன்றுதான். மற்றபடி நடப்பது என்ன தெரியுமா? நம் ரோந்து போகும், அவன் ரோந்து வரும், இவர்கள் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள், ‘இது எங்கள் இடம், திரும்பிப் போ’ என்று எழுதியிருக்கும். அவர்களும் ஒரு துணி விரிப்பார்கள். ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

சுப்பையா: நிஜமான எதிரி குளிர்தான். நான் ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி ஓட்டினேன். கோடையில் சோஜிலா கணவாய் வழியாக அரிசி, மண்ணெண்ணெய், டின் பால், சாக்ஸ், எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம். பனி விழுந்து பாதை மூடுவதற்குள் ஆறு மாதச் சாமானை மேலே சேர்த்துவிட வேண்டும். காலையில் வண்டி கிளம்பாது. டீசல் மெழுகு மாதிரி கட்டிப்போய் இருக்கும். டேங்குக்கு அடியில் அடுப்பு கொளுத்தி வைத்துக் கையெடுத்துக் கும்பிடுவோம். மைனஸ் 33 வரை உறையாத டீசல் 2019 கடைசியில்தான் வந்தது. அடுத்த வருஷமே அங்கே 50,000 பேரைக் குளிர்காலம் முழுக்க வைக்க வேண்டி வந்தது. எத்தனை லாரி ஓடியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

செந்தில்: இப்போது குறைத்துவிட்டார்களா, பெரிய மாமா?

சுப்பையா: எங்கே? போன வருஷம் அக்டோபர் 21ல் லடாக் எல்லையில் தெப்சாங், தெம்சோக்கில் ரோந்துக்கு ஒப்பந்தம் ஆனது. நேருக்கு நேர் நின்றவர்கள் விலகினார்கள். பின்னால் இருக்கிற படை, பீரங்கி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் 2021, 22ல் சில இடங்களில் விலகும்போது, நடுவில் இரண்டு பேரும் போகாத இடம் என்று ஒதுக்கினார்கள். அது யார் இடம்? ஆடு மேய்க்கிறவன் இடம். சுசூல் பக்கம் சாங்பா ஆட்கள் உண்டு, பஷ்மினா ஆடு வளர்ப்பவர்கள். குளிர்காலப் புல்வெளி அங்கேதான். நான் போன காலத்தில் கூடாரத்துக்குள் கூப்பிட்டு உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுப்பார்கள். குடிக்க முடியாது, ஆனால் குடித்தாக வேண்டும். இப்போது அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டினால் பல இடங்களில் நம் ஆட்களே தடுக்கிறார்களாம்.

ரேவதி: மேலே மட்டும் கை குலுக்கல் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மோடி சீனாவின் தியான்ஜின் போனார். கல்கத்தாவிலிருந்து சீனாவின் குவாங்சோவுக்குப் போன மாதம் 26ந்தேதி விமானம் திரும்ப ஓட ஆரம்பித்தது. இதற்கு நடுவில், மே மாதம் பாகிஸ்தான் நம் மேல் விட்டது சீன ஏவுகணை, பஞ்சாபில் வயலில் விழுந்து கிடந்தது. 2020 முதல் 24 வரை பாகிஸ்தான் வாங்கிய ஆயுதத்தில் 81 சதவீதம் சீனாவுடையது.

கனகா: ஜூனில் கைலாச யாத்திரையையும் திறந்தார்களே. நம் சின்னத் தம்பி ராமர் விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருக்கிறது. சீன விசாவோடு.

ராமர்: அக்கா, அது பக்தி. அதை இதில் சேர்க்காதே.

செந்தில்: சின்ன மாமா, போகும்போது எங்களுக்கு நாலு பெட்டி காந்தம் வாங்கி வாருங்கள். ராணுவத்துக்கு இல்லை என்று நானே எழுதித் தருகிறேன்.

புதிய எண் (பகல் 12.47): அம்மா, நான் கார்த்தி. போஸ்ட்பெய்டு போட்டுவிட்டேன், இதுதான் இனி நம்பர். திருச்சிக்காரன் போன் ஆனே ஆகவில்லை. நேற்று மூக்கில் லேசாக ரத்தம் வந்தது, காற்று வறட்சிதானாம், டாக்டர் பார்த்துவிட்டார். சாப்பிட்டேன். ராஜ்மா.

முத்துலட்சுமி: ஐயா ராசா. ரத்தமா? எவ்வளவு?

புதிய எண்: ரெண்டு சொட்டு அம்மா. போட்டோ பாருங்கள். [புகைப்படம்]

சுப்பையா: டேய், எடு அதை. பின்னால் போர்டு தெரிகிறது, வண்டி நம்பர் தெரிகிறது. 2020ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளைப் போனிலிருந்து தூக்கச் சொன்னது எதற்காம்? ராமரு, அதை உன் வாக்கிங் குழுவில் போட்டாயா?

புதிய எண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராமர்: போடவில்லை. சத்தியமாக. டவுன்லோடுகூட ஆகவில்லை.

புதிய எண்: சாரி மாமா.

முத்துலட்சுமி: முகம் கறுத்துப்போயிருக்கிறான். நான் பார்த்துவிட்டேன். அது போதும். அண்ணே, கடலைமிட்டாய் அனுப்பலாமா? முகவரி எப்படி எழுத வேண்டும்?

சுப்பையா: ஊர் பேர் எழுதாதே. அவன் நம்பர், பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று போட்டால் போய்ச் சேரும்.

முத்துலட்சுமி: இரண்டு கிலோ?

சுப்பையா: ஐந்தாகப் போடு. கூட முப்பது பேர் இருப்பார்கள். குளிரில் கருங்கல்லாகிவிடும், கடிக்க முடியாது. கோட்டுப் பைக்குள் அரைமணி நேரம் வைத்திருந்து தின்னச் சொல்.