போட்டோஷாப் இல்லாமல் ஸ்டூடியோ நடத்த முடியுமா?

ஒளிப்பெட்டி:
வணக்கம். ஊரில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், வருகிற வேலையில் முக்கால்வாசி பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, முகூர்த்த மாதத்தில் பேனரும் வரும். இதுவரை கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் போட்டுக் கொடுத்த கிராக் போட்டோஷாப்தான், போன வாரம் வைரஸ் ஏறி ஹார்டு டிஸ்க்கையே துடைக்க வேண்டியதாகிவிட்டது. மாதாமாதம் சந்தா கட்ட வரும்படி போதாது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சமாளிக்கலாமா?

கத்தரிக்கோல்:
பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தாராளமாகப் போதும். 3.5 × 4.5 செ.மீ. என்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல். அந்த அளவுக்கு வெட்டி, கேன்வாஸை மட்டும் 450 × 600 ஆக்கி, படத்தை நடுவில் வைத்து, வெள்ளைப் பின்னணியோடு ஃபிளாட்டன் செய்து (லேயரையெல்லாம் ஒன்றாக்கி) காப்பி எடுங்கள். அப்புறம் 1800 × 1200-ல், அதாவது 4 × 6 அங்குலத் தாளுக்கு, புது ஃபைல் திறந்து, பேட்டர்ன் வரிசையில் முதலாவதாக நிற்கும் கிளிப்போர்டு படத்தால் நிரப்பினால் எட்டுப் படமும் பிசகாமல் உட்காரும். ஷார்ட்கட் எல்லாம் வேறு, முதல் பத்து நாள் கை தடுமாறும்.

அச்சுமை:
பாஸ்போர்ட் சரி, பேனர்? ஜிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்தது, ஃபில்டரைப் பிறகும் திருத்தலாம் என்பதெல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் சிஎம்ஒய்கே-யிலேயே, அதாவது அச்சு மையின் நான்கு நிறங்களிலேயே, உட்கார்ந்து வேலை செய்ய இன்னும் வழியில்லை. திரையில் பளீரென்று நிற்கும் நீலம் அச்சில் மங்கிவிடும். கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில் சிஎம்ஒய்கே உண்டு, அதுவும் இலவசம். யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் கொண்டுவந்தால் பிரவுசரிலேயே போட்டோபியா என்ற இணையதளத்தில் திறங்கள், ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாணி:
தமிழ் எழுத்தை விட்டுவிட்டீர்களே! பழைய போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான செட்டிங்கை மாற்றாமல் யூனிகோடில் அடித்தால் ‘கொ’வின் கொம்பு முன்னால் வராமல் இடம் மாறிப் பிய்ந்து நிற்கும், அதற்குப் பயந்தே பலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஜிம்ப்பில் அந்தத் தொல்லையே இல்லை, அடித்தால் ஒழுங்காக விழும்.

ஒளிப்பெட்டி:
கத்தரிக்கோல் அண்ணா, செய்து பார்த்தேன், எட்டும் கச்சிதம். ஆனால் வெள்ளைப் பின்னணிப் படம் வெள்ளைத் தாளில் கரைந்துபோகிறது, எங்கே வெட்டுவது என்றே தெரியவில்லை.

கத்தரிக்கோல்:
கேன்வாஸைப் பெரிதாக்கும் முன்பே செலக்ட் ஆல், பிறகு ஸ்ட்ரோக் செலெக்‌ஷன், 2 பிக்சல், வெளிர் சாம்பல். பாதிக் கோடு வெளியே போய்விடும், மெல்லிசாக ஒன்று மிஞ்சும். அதைப் பிடித்து வெட்டுங்கள்.