புதுப்பிப்பு: அப்பாவின் குடும்பக் கடிதம் எழுதி முடிந்தது

குடியாத்தத்தில் கைத்தறி நெய்து ஓய்ந்த என் தந்தை, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு கடிதம் எழுதிவைக்க விரும்பியும் முதல் வரியைத் தாண்ட முடியாமல் இருப்பதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, எழுதச் சொல்லாமல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பேசவிடுங்கள் என்ற யோசனைதான். "முதல் தறி எப்படி வந்தது?" என்று தொடங்கி, அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, சொற்களை மாற்றாமல் எழுதிப் படித்துக் காட்டினேன், சில இடங்களைத் திருத்தச் சொல்லிவிட்டு, அவரே கையெழுத்திட்டார்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலை, நீட்டும்போதெல்லாம் கூலி வாங்காமல் வந்து நின்ற பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி எங்களிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடிதத்தில் மிக நீண்ட பகுதி அவருக்கான நன்றிதான். அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

இடையே வீட்டுப் பங்கு பற்றியும் பேசினார். அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பம் தேவை என்பதால், அதைத் தனியே எழுதினோம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருந்ததால், இன்றைய வேலூர் மாவட்டத்தையும் உயிலில் சேர்த்துக் குறிப்பிட்டோம்.