நடைபாதை என்று பதிவான வழியில் குதிரைக்கு உரிமை கோர முடியுமா?

கேள்வி:
நாங்கள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் மகள் குதிரையேற்றம் பயிலும் லாயத்திலிருந்து சவுத் டவுன்ஸ் குன்றுகளின் குதிரைப் பாதைகளுக்கு (குதிரையில் செல்லவும் உரிமையுள்ள பொதுவழிகளுக்கு) செல்ல ஒரு மண்வழி உண்டு. பல்லாண்டுகளாக ஊரார் அதில் குதிரையில் சென்று வந்தனர். சென்ற மாதம் நிலத்தை வாங்கியவர் பெரிய கதவைப் பூட்டிவிட்டு, ஆள் மட்டும் நுழையும் சிறு கதவை வைத்துள்ளார். உள்ளாட்சிக் கவுன்சிலின் வழியுரிமை வரைபடத்திலும் அது நடப்பவர்களுக்கு மட்டுமான நடைபாதை என்றே உள்ளது. பிள்ளைகள் இப்போது வளைவுகள் நிறைந்த தார்ச்சாலையில் செல்கின்றனர். குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்கும் குறைவான வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் தள்ளிச் செல்ல வேண்டும் என்பது 2022இல் திருத்தப்பட்ட சாலை விதி. காலையில் வேலைக்கு விரைபவர்கள் அதை மதிப்பதில்லை. உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாமா?

பதில் 1:
தயவுசெய்து அனுமதி கேட்டு எழுதாதீர்கள். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம், 31ஆம் பிரிவின்படி, வலுவந்தமின்றி, மறைவின்றி, எவரிடமும் அனுமதி பெறாமல் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடையறாது பயன்படுத்திய வழி, உரிமையாளரால் பொதுவழியாக விட்டுக்கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும். நீங்கள் இப்போது கேட்பது பழைய பயன்பாட்டை அழித்துவிடாது என்றாலும், முன்பும் அனுமதியோடுதான் சென்றீர்கள் என்று வாதிட அக்கடிதமே இடங்கொடுக்கும்.

இருபது ஆண்டுகள் கணக்கிடப்படுவது, உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி. ஆகவே பூட்டுப் போடப்பட்ட தேதியைக் குறித்துவைத்து, கதவைப் படமெடுங்கள். ஒரே ஆள் 20 ஆண்டும் சென்றிருக்க வேண்டியதில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்திருந்தாலும் போதும். ஆனால் அவர்கள் நடந்து அல்ல, குதிரையில் சென்றிருக்க வேண்டும். எந்த ஆண்டுகளில், மாதத்துக்கு எத்தனை முறை, எவரேனும் தடுத்தார்களா என்பதை ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொற்களில் எழுதட்டும். லாயம் அதே நிலத்தின் பழைய உரிமையாளரிடம் வாடகைக்கு இருந்திருந்தால், லாயத்தாரின் பயணம் அனுமதியின்பேரில் நடந்ததாகக் கொள்ளப்படக்கூடும் என்பதால், வெளியாட்களின் சாட்சியமே வலுவானது. புதிய பொதுவழி எதையும் தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்று முந்தைய உரிமையாளர் கவுன்சிலில் அறிவிப்புத் தாக்கல் செய்திருக்கிறாரா என்பதையும் முதலிலேயே பாருங்கள். அப்படி இருந்தால் கணக்கு மாறிவிடும்.

பிறகு, 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்கீழ் வரைபடத்தைத் திருத்த விண்ணப்பிக்கலாம். கவுன்சில் 12 மாதங்களுக்குள் முடிவெடுக்காவிட்டால், முடிவெடுக்கப் பணிக்குமாறு அமைச்சரிடம் கோர முடியும்.

பதில் 2:
ஆவணங்களையும் தேடுங்கள். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்கான நில மதிப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. தனியார் நிலமாக மதிப்பிட்டு வண்ணம் தீட்டிய நிலத்துண்டுகளுக்கு நடுவே உங்கள் வழி மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தால், நடைபாதைக்கும் மேலான பொதுவழியாக அது அக்காலத்தில் கருதப்பட்டதற்கு அது நல்ல சான்று. அதுவே முடிவான சான்றாகிவிடாது.

பதில் 3:
நான் மிதிவண்டி ஓட்டுபவன். 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் எங்களையும் அனுமதிக்கிறது. நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் நாங்கள் வழிவிட வேண்டும், அது நியாயமே. உங்கள் வழி குதிரைப் பாதையானால் எங்களுக்கும் தார்ச்சாலையிலிருந்து விடுதலை என்பதால், அவ்வூர் மிதிவண்டிக் குழுவினரையும் துணைக்கு அழையுங்கள். வெற்றி பெற்ற பின் கதவையும் கவனியுங்கள்: குதிரைப் பாதைக் கதவின் அகலம் குறைந்தது 5 அடி இருக்க வேண்டும். தாழ்ப்பாள் சேணத்தில் அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருக்கட்டும். இறங்கிய சிறுமிக்கு மறுபடி ஏறுவது எளிதல்ல.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கடிதத்தை அனுப்பவில்லை. லாயத்தோடு தொடர்பில்லாத இரண்டு மூதாட்டிகள் 1990களிலிருந்து அவ்வழியே சென்றதாகச் சொல்கிறார்கள். ஒருவரிடம் தம் குதிரைப் பயணங்களை எழுதிவைத்த நாட்குறிப்புகளும் உள்ளன. ஞாயிறன்று அவர்களைச் சந்திக்கப் போகிறேன்.