தை மாதத்தில் சிவனொளிபாதம்: ரீசேட்டும் செருப்பும் போதுமா?

வாவிக்கரை:
பொங்கல் லீவுக்கு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து வான் பிடித்துப் பொடியன்கள் சிவனொளிபாத மலையின் அடிவாரமான நல்லதண்ணிக்குப் புறப்படுற காலம். ஒரு ரீசேட், கட்டைக் களிசான், ரப்பர் செருப்பு, வெளிச்சத்துக்குப் போன். இப்படி ஏற விடக்கூடாது. மலை 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும். இங்க இரவு 24 பாகை என்றால் உச்சியில் பத்துக்குக் கிட்ட. காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குளிரும். சுவெட்டரும் டோர்ச்சும் இல்லாதவர்களை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்ப வேணும்.

படுவான்கரையான்:
அண்ணன், இது அநியாயம். எழுபது வயது ஆச்சிமார் வெறுங்காலோட ஏறுற மலை அது. மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரைக்கும் பாதையெல்லாம் வெளிச்சம், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை. கும்பிடப் போறவன உடுப்பப் பாத்து மறிக்கிறதா? கடைசியில மறிபடுறவன் காசில்லாத பொடியன்தான்.

கல்முனைக் காக்கா:
தம்பி, அந்த ஆச்சிமார் ஏறுற விதத்தப் பாருங்க. பத்துப் படிக்கு ஒருக்கா நிண்டு, மடத்துக்கு மடம் இருந்து, வேர்க்காம ஏறுறாங்க. தோள்ல கம்பளி இருக்கும். நம்மட பொடியன்மார் எட்டு மணித்தியாலம் வான்ல நித்திரை முழிச்சு வந்து, இரவு 11 மணிக்கே ஓட்டமா ஏறி, இரண்டு மணிக்கு முந்தி உச்சிக்குப் போயிடுறாங்க. பாக்க வந்த சூரியன் வாறது 6.20ஐ ஒட்டி. நாலு மணித்தியாலத்துக்கு மேல காத்துல குந்தியிருக்கிறது வேர்வையில நனைஞ்ச பருத்தி ரீசேட்டோட. காத்த விடத் தண்ணி 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்ட இழுக்கும். பாவாதமலையில (சிவனொளிபாதத்துக்கு நாங்க சொல்ற பேர்) ஆபத்து ஏறுறதுல இல்ல, இந்தக் குந்தலிலதான்.

நடுங்கினாப் பயமில்ல, உடம்பு சூடு உண்டாக்குது. நாக்குக் குழறி, கால் தடுமாறி, நடுக்கமும் நிண்டு, ‘எனக்குக் குளிரல்ல’ எண்டு சொன்னா அதுதான் மோசம். காத்துப் படாத இடத்துக்குக் கொண்டு போய், ஈர உடுப்பக் கழற்றி, காய்ஞ்சதப் போட்டுத் தலையையும் மூடணும். விழுங்கக் கூடியவருக்குச் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி. கைகாலத் தேய்க்கக் கூடாது. சாராயம் குடுக்கவே கூடாது. தோலுக்கு இரத்தத்த இழுத்து உள்சூட்டக் கெடுக்கும். 1990 எண்ட அவசர நம்பருக்கு அடிச்சாலும் அம்புலன்ஸ் படியேறாது, ஆள்தான் தூக்கி இறக்கணும்.

படுவான்கரையான்:
அப்ப பிழை உடுப்பில இல்ல, நேரத்தில. அத ஒத்துக்கொள்றன். கிழமை நாள்ல இரண்டு மணிக்கு வெளிக்கிட்டா ஐந்தரைக்குப் போகலாம். பையில ஒரு மாற்று ரீசேட் இருந்தாக் காணும், கடைசி மடத்தில மாத்தலாம்.

வாவிக்கரை:
கிழமை நாளுக்குச் சரி. போயா லீவில் அந்தக் கணக்கு நிற்காது. வரிசை இறுகினால் மூன்றரை மணித்தியாலப் பாதை ஏழெட்டு ஆகும். முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது, படியிலேயே நின்று விறைக்க வேணும். போனும் குளிரில் சட்டென்று சார்ஜ் இறங்கும். பிறகு வானை எங்கே தேடுவது? தலையில் கட்டுகிற டோர்ச் வேணும், கை கம்பியைப் பிடிக்க.

படுவான்கரையான்:
போயாவுக்குப் போகாதீங்க எண்டு சொல்லுங்க, கேக்கிறன். சப்பாத்துதான் வேணும் எண்டா ஒத்துக்கொள்ள மாட்டன். பனி நனைச்ச படியில தேஞ்ச ரப்பரவிட வெறுங்கால் நல்லாப் பிடிக்கும். புதுச் சப்பாத்தில ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கினா நகம் கறுத்துப் போகும்.

கல்முனைக் காக்கா:
நகம் கறுக்கிறது நாடா தளர்ந்தா. இறங்க முந்திக் கணுக்காலோட இறுக்கிக் கட்டினா விரல் முன்னுக்கு இடிக்காது. செருப்பு பட்டி அறுந்தா என்ன செய்வீங்க? இறங்கும்போது முழங்கால் நடுங்குற நேரம் அது.

படுவான்கரையான்:
பட்டி வைச்ச சாண்டல் போடட்டும். உடுப்பப் பாத்து மறிக்கிறதுக்கு மட்டும் நான் விரோதம்.

வாவிக்கரை:
ஒரு மணிக்கு முதல் ஏற விடாமல் மறித்தால்?

படுவான்கரையான்:
கிழமை நாளில எண்டா, அதப் பேசலாம்.