புதுப்பிப்பு: தண்டம் கட்டியாயிற்று

போன கிழமை கேட்டிருந்தேன்: ஏ9 வீதியில், மாங்குளம் தாண்டி, 50க்குள் போக வேண்டிய இடத்தில் 58இல் போனேன் என்று பொலிஸ் மறித்துத் தண்டச் சீட்டு எழுதியது. முதல் தடவை. வழக்குக்குப் போகவா, கட்டவா?

கட்டிவிட்டேன். 3,000 ரூபா, தபால் கந்தோரில்.

வழக்காடத்தான் முதலில் துடித்தேன். மெசினில் பிழை இருக்கும் என்று ஒரே பிடி. நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நீ 50க்குக் கீழே போனாய் என்று சத்தியம் பண்ணுவியோ?" சும்மா இருந்தேன். அந்த வளைவுக்கு முன்னால் ஒரு லொறியை முந்தினது நல்ல ஞாபகம். சரி, அதோடு முடிந்தது.

நாள் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பாகும், 28 நாளும் தாண்டினால் தானாகவே நீதிமன்றம். லைசென்ஸ் பொலிஸிடம் இருக்கும்வரை அந்தச் சீட்டுத்தான் லைசென்ஸ், அதுவும் 14 நாளுக்குத்தான். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அம்மா தோய்க்கப் போட்டு, கடைசி நிமிடத்தில் மீட்டேன்.

பற்றுச்சீட்டைக் காட்டி நேற்று லைசென்ஸை எடுத்தேன். வரும்போது 45. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கினான்.