நாலு சட்டம் மட்டுமே உள்ள தேனீக் கூட்டத்துக்கு வரோவா உண்ணி மருந்து எப்படி வைப்பது?

தேனடை எழுதியது:

வணக்கம். என் பெட்டிகளில் ஒன்று ரொம்ப மெலிந்துவிட்டது. பத்துச் சட்டப் பெட்டியில் (அடை கட்டும் மரச் சட்டம்) நாலு சட்டத்தில்தான் தேனீ நிற்கிறது. ராணி இருக்கிறது, முட்டையும் இடுகிறது, ஆனால் வாசலில் இறக்கை சுருங்கிய இளந்தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அரைக் கப் தேனீ, அதாவது சுமார் 300, எடுத்து ஆல்கஹாலில் அலசிப் பார்த்ததில் 12 வரோவா உண்ணி (தேனீயில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி) விழுந்தது. மருந்து வைத்தே ஆக வேண்டும். கையில் இருப்பது ஃபார்மிக் அமிலப் பட்டை, அது ஒரு முழுப் பெட்டிக்கான அளவு, இவ்வளவு சின்னக் கூட்டத்தில் வைத்தால் ராணியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பாதி வைத்தால் போதுமா? இல்லை, மருந்தே வைக்காமல் பக்கத்தில் இருக்கும் வலுவான பெட்டியோடு சேர்த்துவிடலாமா? மெழுகால் மூடிய கண்ணறையில் வளரும் புழு ஒன்றரைச் சட்டம் அளவுக்கு இருக்கிறது. மேலே தேன் அறை இல்லை.

மகரந்தம் எழுதியது:

முதலில், சேர்க்காதீர்கள். 300க்கு 12 என்றால் நூற்றுக்கு 4, பலரும் 3 வந்தாலே மருந்து வைக்கிறார்கள். அதுவும் நீங்கள் எண்ணியது தேனீ உடம்பில் இருந்தவற்றை மட்டும்தான். புழு இருக்கும் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட உண்ணிகள் மூடிய கண்ணறைக்குள் இருக்கும், அங்கேதான் அது முட்டையிட்டுப் பெருகுகிறது. இதை அப்படியே நல்ல பெட்டியில் கொட்டினால் அதுவும் கெடும்.

ஃபார்மிக் பட்டை வேண்டாம். மூடிய கண்ணறைக்குள்ளும் போய் உண்ணியைக் கொல்லும் என்பது அதன் பெரிய பலம்தான், ஆனால் ஆவி கூடும்போது தேனீக்கள் விசிறித்தான் அதைத் தணிக்கின்றன, உங்களிடம் விசிற ஆள் இல்லை. குறைந்தது ஆறு சட்டம் தேனீ இருக்க வேண்டும் என்று சில பட்டைகளின் உறையிலேயே எழுதியிருக்கும். வெயில் 29 டிகிரியைத் தாண்டினால் வலுவான கூட்டமே ராணியை இழக்கலாம். பாதிப் பட்டை வைப்பதும் சரியில்லை, அந்த அளவில் எவ்வளவு உண்ணி சாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக்ஸாலிக் அமிலத்தைப் பாகில் கரைத்து ஊற்றுவதுதான் சின்னக் கூட்டத்துக்கு அளவாகக் கொடுக்க எளிது. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகு 1 லிட்டருக்கு 35 கிராம் ஆக்ஸாலிக் அமில டைஹைட்ரேட். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, இரண்டு சட்டத்துக்கு நடுவே தேனீ நிற்கும் இடைவெளியில் மட்டும், ஓர் இடைவெளிக்கு 5 மில்லி, தேனீக்கள் மேலேயே படும்படி மெல்ல விட வேண்டும். காலி இடைவெளிக்கு ஒரு சொட்டும் வேண்டாம். உங்களுக்கு மொத்தமே 15, 20 மில்லிதான் வரும், முழுப் பெட்டிக்கே உச்சவரம்பு 50.

சிக்கல் என்னவென்றால் இது மூடிய கண்ணறைக்குள் போகாது. அதனால் ராணியைக் கூண்டில் அடைத்து 24 நாள் வைத்தால் ஆண் தேனீப் புழு உட்பட எல்லாம் பொரிந்து வெளியே வந்துவிடும். அப்போது ஒரே தடவை ஊற்றினால் போதும். திரும்பத் திரும்ப ஊற்றக் கூடாது, தேனீக்களையே அது அரித்துவிடும்.

கையுறையும் கண்ணாடியும் கண்டிப்பாகப் போடுங்கள். ஆக்ஸாலிக் அமிலத்தை ஊற்றாமல் ஆவியாகக் காட்டுவதாக இருந்தால் அமில வாயுவுக்கான வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், துணி முகமூடி உதவாது.

காட்டுப்பூ எழுதியது:

மகரந்தம் சொன்ன அளவுகள் எல்லாம் சரி, ஆனால் ராணியை 24 நாள் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலுவான கூட்டம் தாங்கும். நாலு சட்டக் கூட்டத்தில் இப்போது இருக்கும் தேனீக்களில் பல ஏற்கெனவே வைரஸ் தாக்கி ஆயுள் குறைந்தவை, அந்தச் சுருங்கிய இறக்கையே அதற்குச் சாட்சி. கூண்டைத் திறந்த பிறகும் அடுத்த வேலைக்காரத் தேனீ வர 21 நாள் ஆகும். அதுவரை புழுவுக்குச் சூடு கொடுக்க யார் இருப்பார்கள்?

நான் இந்த நிலையில் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி தோய்ந்த பட்டைதான் வைப்பேன். ஐந்து சட்டம் தேனீக்கு ஒரு பட்டை என்பது கணக்கு, அதனால் உங்களுக்குச் சரியாக ஒன்று. புழு இருக்கும் சட்டங்களுக்கு நடுவே, தேனீக்கள் உரசிப் போகும் இடத்தில் தொங்க வேண்டும். கூட்டம் நகர்ந்தால் பட்டையையும் நகர்த்துங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆறிலிருந்து எட்டு வாரம் வரை இருக்கட்டும், புழு ஒவ்வொன்றாகப் பொரிந்து வரும்போது கூடவே வெளிவரும் உண்ணியும் மாட்டும். காலம் முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் மருந்துக்கு அசையாத உண்ணிதான் பெருகும். உங்கள் நாட்டில் அனுமதி உள்ள மருந்தா என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தேனடை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ராணியை அடைக்க எனக்கும் மனசு வரவில்லை, அமிட்ராஸ் பட்டைதான் வைக்கப் போகிறேன். அப்புறம் இரண்டு விஷயம்: பெட்டியைச் சின்னதாக்கலாமா? தீனி கொடுக்கலாமா?

மகரந்தம் எழுதியது:

காட்டுப்பூ சொல்வதில் நியாயம் இருக்கிறது, புழு நிறைய இருக்கும்போது பட்டையே நல்லது. பெட்டியைக் கட்டாயம் சின்னதாக்குங்கள். ஐந்து சட்டப் பெட்டி இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தடுப்புப் பலகை போட்டு ஒதுக்குங்கள். காலி அடைகளை வெளியே எடுங்கள், அவற்றை மெழுகுப் பூச்சியிடமிருந்து காக்க இந்தக் கூட்டத்துக்குத் தெம்பு இல்லை. வாசலை ஒன்றிரண்டு தேனீ போகும் அளவுக்குக் குறுக்குங்கள். பாகை உள்ளேயே, சாயங்காலத்தில், கொஞ்சமாக வையுங்கள், வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் பக்கத்துக் கூட்டம் கொள்ளைக்கு வந்து, திரும்பும்போது உண்ணியையும் சுமந்துகொண்டு போகும்.

காட்டுப்பூ எழுதியது:

அந்த வலுவான பெட்டியையும் இதே வாரம் அலசி எண்ணிப் பாருங்கள். பட்டையை எடுத்த பிறகு இதை மறுபடி எண்ணுங்கள், அப்போதும் நூற்றுக்கு 3க்கு மேல் வந்தால் அதே மருந்தைத் திரும்ப வைக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள். 300 தேனீயை மறுபடி கொல்ல மனம் வரவில்லை என்றால் சர்க்கரைப் பொடி போட்டுக் குலுக்கி எண்ணலாம், கணக்கு கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனால் தேனீ பிழைத்துவிடும். எதில் எடுத்தாலும் அந்தச் சட்டத்தில் ராணி இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள்.